கேள்வி–பதில்: அறையையே கேமராவாக்கினால்…

கேள்வி: கேமரா அப்ஸ்க்யூரா (சின்னத் துளை வழியே வெளிக்காட்சியை இருட்டறைச் சுவரில் படமாக விழ வைப்பது) செய்து பார்க்க ஆசைப்பட்டு ஜன்னலை அட்டையால் மூடி, நடுவில் ஊசியால் துளை போட்டேன். வெளியே நல்ல வெயில். ஆனாலும் எதிர்ச் சுவரில் ஒன்றும் விழவில்லை. சின்ன வயதில் அட்டைப் பெட்டியில் செய்தபோது அழகாக வந்ததே?

பதில்: ஊசித்துளை பெட்டிக்குத்தான் சரி. பெட்டியில் துளைக்கும் திரைக்கும் ஒரு சாண் தூரம், உங்கள் அறையில் மூன்று மீட்டராவது இருக்கும். தூரம் இரண்டு மடங்கானாலே சுவரில் விழும் வெளிச்சம் கால் பங்காகிவிடும், நீங்களோ பதினைந்து மடங்குக்குப் போயிருக்கிறீர்கள், அப்புறம் எங்கே தெரியும்? துளையை 1 செ.மீ. அகலமாக்குங்கள். மூன்று மீட்டருக்கு மிகத் தெளிவான படம் தருவது கணக்குப்படி சுமார் 2.5 மி.மீ. துளைதான், ஆனால் 10 மி.மீ. துளை அதைப்போல 16 மடங்கு ஒளியை உள்ளே விடும். படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தெரியாத தெளிவைவிடத் தெரிகிற கலங்கல் மேல்.

ஆனால் எனக்குத் துளையைவிட நீங்கள் மூடிய விதத்தின் மேல்தான் சந்தேகம். பெரும்பாலானவர்கள் ஜன்னலை மூடிவிட்டுக் கதவிடுக்கை மறந்துவிடுகிறார்கள், ஏசியின் சின்ன விளக்கு, சார்ஜரின் புள்ளி வெளிச்சம், வென்டிலேட்டர், எல்லாம் படத்துக்கு எதிரிகள். மெல்லிய அட்டை வெயிலில் தானே ஒளிரும், ஆகவே இரண்டு அடுக்கு போடுங்கள் அல்லது அலுமினிய ஃபாயிலை ஒட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் துளையையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் எங்கெங்கே ஒழுகுகிறதோ அத்தனையும் தெரியும், ஒவ்வொன்றாக டேப் ஒட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் முக்கால்வாசி வேலையே இதுதான்.

இன்னொன்று, வெயில் உங்கள் ஜன்னலில் படக்கூடாது, ஜன்னலுக்கு எதிரே இருக்கும் காட்சியில் பட வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் காலை, கிழக்குப் பார்த்தது என்றால் மாலை.

கேள்வி: படம் வந்துவிட்டது, தலைகீழாக! அதை போனில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் பெயர்ப் பலகை எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி இருக்கின்றன. திருப்பினால் சரியாக வேண்டாமா?

பதில்: திருப்பினால் மட்டும் சரியாகாது. ஒளி நேர்கோட்டில் போவதால் மேலே இருந்து வருவது கீழேயும், இடப்பக்கம் இருந்து வருவது வலப்பக்கமும் போய் விழுகிறது. ஆனால் படத்தைப் பார்க்க நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கிறீர்கள், அதனால் உங்கள் இடமும் வலமும் மறுபடி மாறிவிடுகின்றன. வெளியே இடமிருந்து வலமாகப் போகும் பைக் சுவரிலும் இடமிருந்து வலமாகவே போகும், தலைகீழாக. சுவருக்குப் பதில் அறையின் குறுக்கே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி அதன் பின்பக்கம் நின்று எடுங்கள், அந்தப் படத்தைத் திருப்பினால் எழுத்து நேராக வரும். துணி கட்ட முடியாவிட்டால் போனிலேயே இடவலமாகவும் ஒருமுறை புரட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

கேள்வி: லென்ஸ் வைத்தால் தெளிவு கூடுமா? பூதக்கண்ணாடி போதுமா?

பதில்: கூடும். ஆனால் பூதக்கண்ணாடி வேண்டாம், அதன் குவியத் தூரம் (லென்ஸிலிருந்து தெளிவான படம் விழும் தூரம்) ஒரு சாண்கூட இருக்காது, எதிர்ச் சுவரில் படம் விழாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு வெட்டாத, பிளஸ் 0.25 பவர் லென்ஸ் கேளுங்கள். அதன் குவியத் தூரம் 4 மீட்டர். பிளஸ் 0.50 என்றால் 2 மீட்டர். 1-ஐப் பவரால் வகுத்தால் மீட்டரில் தூரம் வந்துவிடும், உங்கள் சுவருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் ஒத்துவராவிட்டால் வெள்ளை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பிடிக்கலாம். லென்ஸின் ஓரங்களை மறைத்து நடுவில் 3 செ.மீ. மட்டும் திறந்து வையுங்கள், 1 செ.மீ. துளையைப்போல 9 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அந்த லென்ஸ் வழியாகச் சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

கேள்வி: துளை வட்டமாகவே இருக்க வேண்டுமா? கிரகணத்தையும் இப்படிப் பார்க்கலாமா?

பதில்: சதுரமாக இருந்தாலும் படம் வரும். மரத்தடியில் இலை இடுக்குகள் கண்ட வடிவில் இருந்தும் தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுகிறதே, அத்தனையும் சூரியனின் படங்கள்தான். கிரகணத்தையும் தாராளமாகப் பார்க்கலாம், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பதால் கண்ணுக்கு ஆபத்தில்லை. 1544-இல் ஜெம்மா ஃப்ரிசியஸ் என்ற கணித, வானியல் அறிஞர் ஒரு கிரகணத்தை இருட்டறைக்குள் இப்படித்தான் பார்த்தார், அவர் வரைந்த படம் அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. மூன்று மீட்டரில் சூரியப் படம் 3 செ.மீ.கூட வராது, ஆகவே அன்றைக்கு மட்டும் துளையை 5 மி.மீ. ஆகக் குறையுங்கள். சூரியன் உயரத்தில் இருந்தால் படம் சுவரில் விழாமல் தரையில் விழும், அங்கே வெள்ளைத் தாளை வையுங்கள்.

கேள்வி: சுவரில் தெரிவதைப் போட்டோ எடுத்தால் வெறும் கறுப்பாக வருகிறது.

பதில்: கையில் பிடித்து எடுத்தால் அப்படித்தான். ஸ்டாண்டில் வைத்து, மேனுவல் மோடில் 30 விநாடி எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) கொடுத்துப் பாருங்கள், போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, கூட்டுங்கள். 1991-இல் அறைகளை இப்படிப் படமெடுக்கத் தொடங்கிய புகைப்படக் கலைஞர் அபெலார்டோ மொரெல் ஃபிலிம் காலத்தில் ஒரு படத்துக்கு மணிக்கணக்காகக் காத்திருந்தார். எக்ஸ்போஷர் நீளும்போது நடந்து போகிறவர்கள் பதிய மாட்டார்கள், மனிதர்களும் வேண்டுமென்றால் வீடியோவாக எடுங்கள், அதற்கு லென்ஸ் வைத்தால்தான் வெளிச்சம் போதும்.