தும்மினா கசியுது, யார்கிட்ட சொல்றது?

கேள்வி: மேடம், எனக்கு சிசேரியன் ஆகி நாலு மாசம் ஆச்சு, முதல் குழந்தை. தும்மினாலும் இருமினாலும் கொஞ்சமா யூரின் கசியுது, பாப்பாவ தூக்கிட்டு மாடிப்படி ஏறுனாலும் அப்படித்தான். வயிறும் உள்ள போகல, படுத்திருந்து எந்திரிக்கும்போது நடுவுல நீளமா மேடா எழும்புது. அத்தை துணிய இறுக்கி கட்டுனா எல்லாம் சரியாயிடும்ங்கறாங்க. நான் வீடியோ பார்த்து சிட்-அப்ஸ் ஆரம்பிச்சேன், கசிவு இன்னும் ஜாஸ்தியான மாதிரி இருக்கு. ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் இப்படி வருமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வரும்மா. வயித்த கிழிச்சு தானே எடுத்தாங்க, கீழ என்ன ஆகியிருக்கப் போகுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா மாசக்கணக்கா குழந்தை, பனிக்குடம், நஞ்சு எல்லாத்தோட எடையையும் தாங்குனது இடுப்புக்கு அடியில இருக்கற அந்த தசைங்க தான், குழந்தை எந்த வழியா வந்தாலும் அது தளரத்தான் செய்யும். சுகப்பிரசவத்துல, அதுலயும் ஆயுதம் போட்டு எடுத்திருந்தா இன்னும் கூடுதலா பாதிக்கும். பிள்ள பெத்தா இப்படித்தான்னு பேட் வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறவங்கள பார்த்தா எனக்கு மனசே ஆறாது, ஏன்னா பெரும்பாலும் பயிற்சியிலயே நல்லா குறையற விஷயம் இது.

முதல்ல சிட்-அப்ஸ நிறுத்துங்க. நீங்க சொல்ற அந்த மேடு, வயித்தோட ரெண்டு பக்க தசையும் நடுவுல விலகி இருக்கறதால வர்றது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு கொஞ்சம் மேல விரல வச்சுக்கிட்டு தலைய மட்டும் லேசா தூக்குங்க, ரெண்டு விரலுக்கு மேல உள்ள இறங்குதுன்னா விலகல் இருக்குன்னு அர்த்தம். இந்த நிலைமையில மூச்ச பிடிச்சு எந்திரிச்சா வயித்துக்குள்ள அழுத்தம் ஏறி, அது முன்னாடியும் தள்ளும், கீழயும் தள்ளும், அதான் கசிவு கூடுது. துணி கட்டுற விஷயத்துலயும் இதே கணக்கு தான். ஆரம்ப வாரங்கள்ல இதமா கட்டிக்கிட்டா தையல் வலிக்கு நல்லா இருக்கும், அத்தை சொல்றத ஒரேயடியா தள்ள வேண்டாம், ஆனா மூச்சு முட்ட இறுக்குனா அழுத்தம் கீழ தான் போகும், துணியால தசைக்கு பலமும் வராது.

இப்ப செய்ய வேண்டியது இது. ஒருக்களிச்சோ மல்லாந்தோ படுத்துக்கோங்க. நாலு பேர் முன்னாடி காத்து பிரியாம அடக்குவோம்ல, அந்த இறுக்கத்தையும் யூரின அடக்குற இறுக்கத்தையும் சேர்த்து, மூச்ச விட்டுக்கிட்டே உள்ளாக்க மேல இழுங்க. தொடை, பின்பக்கம் ரெண்டும் இறுகக் கூடாது. கீழ முக்குற மாதிரி தோணுச்சுன்னா தப்பா பண்றீங்க, நிறைய பேர் சறுக்கற இடமே இதுதான். மொதல்ல மூணு நாலு செகண்ட் பிடிக்க முடிஞ்சா போதும், போகப்போக எட்டு பத்து செகண்ட் வரைக்கும் கொண்டு போகலாம், ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல முழுசா தளர விடணும், அதுவும் பயிற்சி தான். ஒரு நேரத்துக்கு 8 தடவை, ஒரு நாளைக்கு மூணு நேரம், குறைஞ்சது மூணு மாசம். ஆர்னால்டு கெகல்ங்கற அமெரிக்க டாக்டர் 1948ல எழுதுன கட்டுரைக்கு அப்புறம் இதுக்கு கெகல்னே பேர் நிலைச்சிடுச்சு. பால் கொடுக்க உக்காரும்போது பண்ணிட்டா மறக்காது. யூரின் போகும்போது பாதியில நிறுத்தி நிறுத்தி பழகாதீங்க, பை முழுசா காலியாகாம இன்ஃபெக்ஷன் வர வாய்ப்பிருக்கு.

தும்மல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே ஒரு இழு இழுத்து பிடிச்சுட்டு அப்புறம் தும்முங்க, பாப்பாவ தூக்கும்போதும் அதே. கட்டில்ல இருந்து நேரா எந்திரிக்காம, ஒரு பக்கம் திரும்பி கையை ஊணி எந்திரிங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பிசியோதெரபி பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டு ஒரு தடவை நேர்ல காட்டுனா சரியா பண்றீங்களான்னு பார்த்து சொல்வாங்க. யூரின் போறப்ப எரிச்சல், மலத்த அடக்க முடியாம போறது, கீழ ஏதோ இறங்குற மாதிரி கனமா இருக்கறது, இதெல்லாம் இருந்தா பயிற்சியோட நிக்காம உங்க டாக்டர பாருங்க.

கேள்வி: சுகப்பிரசவம் ஆகி 20 நாள் ஆகுது. நடந்தா உடம்புல காத்து ஏறிடும்னு அம்மா கட்டில விட்டு இறங்கவே விடல. நடக்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: தாராளமா நடங்க. பத்தியச் சாப்பாடு, எண்ணெய் தேய்ச்சு விடறது, குழந்தை தூங்குறப்ப நீங்களும் தூங்குறது எல்லாம் இருக்கட்டும், நல்லது தான், ஆனா நாள் பூரா படுத்தே இருக்கறது ஆபத்து. பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரம் வரைக்கும் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற வாய்ப்பு அதிகம். வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு கூட்டிக்கிட்டே போங்க, படுத்திருக்கும்போது பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுங்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்குனாலோ அம்மாகிட்ட சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க, விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்.