வாசகர் கேள்வி – பதில்: நூற்றுக்கு 38 என்ற கணக்கு எப்படி வந்தது?

கேள்வி: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்குகள் அதில் சிறு பங்குகூட இல்லையே. பக்கத்திலுள்ள கேரளத்தில் பத்துக்கும் குறைவு என்கிறார்கள். நாலு சுவருக்குள் நடப்பதை அளக்கத்தான் முடியுமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: நீங்கள் படித்தது 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் எண். தமிழ்நாட்டுக்கு 38.1 விழுக்காடு, நாடு முழுமைக்கும் 29.3. முதலில் இது யாரைப் பற்றிய கணக்கு என்று பார்த்துவிடுவோம். 18 முதல் 49 வயதுக்குள், ஒருமுறையேனும் மணமான பெண்கள், கணவர் எப்போதாவது தம்மை அடித்ததாகவோ பாலியல் உறவுக்கு வற்புறுத்தியதாகவோ சொல்லியிருந்தால் இதில் சேர்வார்கள். அவமதிப்பும் மிரட்டலும் தனிக் கணக்கு. ஐம்பதைத் தாண்டியவர்கள் இதில் இல்லை. அறுபது வயதிலும் அடி வாங்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கும்போது, அவர்கள் எந்த எண்ணிலும் வராமல் போவது எனக்குத் தீராத வருத்தம்.

காவல் துறையின் கணக்கு அளப்பது வேறொன்றை. கணவரோ அவருடைய உறவினரோ இழைத்த கொடுமை என்ற பிரிவில் 2022இல் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1,40,000. ஒரு பெண் துணிந்து நிலையத்துப் படியேறி, ‘சமாதானமாகப் போம்மா’ என்ற பேச்சையும் தாண்டி நின்று, முதல் தகவல் அறிக்கை போடவைத்த பிறகே அந்தப் பட்டியலில் ஒன்று கூடுகிறது. குடும்ப நல ஆய்விலோ, வன்முறைக்கு ஆளானவர்களில் எவரிடமேனும் உதவி கேட்டவர்கள் 14 விழுக்காட்டினரே. அவர்களிலும் பெரும்பாலோர் நாடியது பிறந்த வீட்டை. ஆகவே ஒரு மாவட்டத்தில் வழக்குகள் கூடினால் அங்கே வன்முறை கூடிவிட்டது என்று கொள்வதற்கில்லை. பெண்கள் நம்பிப் போகும்படி மகளிர் காவல் நிலையம் இயங்கத் தொடங்கியதாகவும் இருக்கலாம்.

எனவே வீடு தேடிச் சென்று கேட்பதுதான் வழி. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கணவர் உங்களைக் கொடுமைப்படுத்துகிறாரா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, குழம்பில் உப்புக் கூடியதற்காக விழுந்த அறை கொடுமை என்ற சொல்லுக்குள் வருவதே இல்லை. இதனால் 1970களில் அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் உருவாக்கிய முறையைத் தழுவி, செயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கன்னத்தில் அறைந்தாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா? தள்ளினாரா, எதையாவது தூக்கி எறிந்தாரா? காலால் உதைத்தாரா? கழுத்தை நெரித்தாரா, வேண்டுமென்றே சுட்டாரா? வன்முறை என்ற சொல்லையே எடுக்காத இக்கேள்விகளுக்கு, இந்திய அளவில் நான்கில் ஒரு பெண் முதலில் சொன்ன அந்த அறையை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது தனிமை. பேட்டி நடக்கும்போது மாமியார் காபித் தம்ளரோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றால் பேச்சு அங்கேயே மாறிவிட வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் இந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் குலுக்கல் முறையில் ஒருவரிடம் மட்டுமே இக்கேள்விகள் கேட்கப்படுகின்றன. என்ன கேட்டார்கள் என்பது வீட்டிலுள்ள மற்றவருக்குத் தெரிந்தால் அன்றிரவே அவள் அடி வாங்க நேரலாம். பத்து நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தித்து உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆய்வில், யாராவது உள்ளே நுழைந்தால் சட்டென்று புரட்டிக்கொள்ள வேறொரு சாதாரண வினாத்தாளும் கையில் இருந்தது. சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றி, வாய்விட்டுக் கேட்டதோடு, சிரித்த முகமும் அழுத முகமும் வரைந்த அட்டையில் யாருக்கும் காட்டாமல் குறியிடவும் சொன்னார்கள். பெரும்பாலான இடங்களில் வாய் சொன்னதைவிட அட்டை அதிகம் சொன்னது.

இப்போது கேரளத்துக்கு வருவோம். அங்கே 9.9 விழுக்காடு. அடிப்பது குறைவாக இருக்கலாம், வெளியில் சொல்வதும் குறைவாக இருக்கலாம். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. கர்நாடகத்தைப் பாருங்கள். 2015–16இல் 20.6 ஆக இருந்தது அடுத்த ஆய்வில் 44.4 ஆயிற்று. ஊரடங்கின் விளைவு என்றும் சொல்ல வழியில்லை, ஏனெனில் அங்கே களப்பணி 2019இலேயே முடிந்துவிட்டது. நாலைந்து ஆண்டில் ஆண்களின் குணம் இரண்டு மடங்கு கெட்டுவிட்டது என்பதைவிட, கேட்ட விதமும் சொல்லும் துணிவும் மாறியிருக்கலாம் என்றே நான் முதலில் நினைப்பேன். கரூர் வாசகிக்கு என் பதில் இதுதான்: 38 என்பது மிகைப்படுத்திய எண் அல்ல. நடக்காத அடியை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிக்கொள்ள எந்தப் பெண்ணுக்கும் தேவையில்லை. நடந்ததை மறைக்கத்தான் ஆயிரம் காரணங்கள் உண்டு.

கேள்வி: இலங்கையில் ஐந்தில் ஒரு பெண் என்கிறார்கள். அப்படியானால் இந்தியாவைவிட நிலைமை நல்லதா?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: 2019இல் நடந்த மகளிர் நல்வாழ்வு ஆய்வின் எண் அது: 20.4 விழுக்காடு. ஆனால் அங்கே 15 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டார்கள், மேல் வரம்பு இல்லை. வினாத்தாளும் உலக சுகாதார நிறுவனத்தின் வழி வந்தது. வயது, வினா, கேட்டவரின் பயிற்சி மூன்றும் வேறுபடும்போது இரு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது. ஒன்றை மட்டும் எப்போதும் கேளுங்கள்: இது ‘வாழ்நாளில் எப்போதாவது’ என்பதா, ‘கடந்த 12 மாதங்களில்’ என்பதா? 2018ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலக அளவில், ஒருமுறையேனும் கணவரோ துணைவரோ இருந்த 15 முதல் 49 வயதுப் பெண்களில் முதலாவது 27 விழுக்காடு, இரண்டாவது 13. அடைக்கல இல்லங்களும் ஆலோசனை மையங்களும் எத்தனை வேண்டும் என்று திட்டமிட உதவுவது இரண்டாவது எண்தான்.

கேள்வி: ஆண்களிடம் ஏன் கேட்பதில்லை?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயமான குறை. கணவர் அடிக்காதபோதும் தாமாக அவரை அடித்ததுண்டா என்று குடும்ப நல ஆய்வு பெண்களிடம் கேட்கிறது. ஆண்களிடம் அவர்கள் பட்டதைக் கேட்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் குற்ற ஆய்வில் இரு பாலரிடமும் கணினியைக் கையில் கொடுத்து, பேட்டியாளர் பார்க்காதபடி தாமே பதில் பதியச் சொல்கிறார்கள்.