மைத்துனர் பேச்சுக்காக இன்னொரு கடனா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் சொந்த வீட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு. என் சம்பளம் மட்டும்தான், ஆண்டுக்கு 1,35,000 டாலர். மகன் படித்து முடித்துவிட்டான். அவனுக்காக வாங்கிய பேரண்ட் பிளஸ் கடன் (பெற்றோர் பெயரில் அரசு தரும் படிப்புக் கடன்) 58,000 நிற்கிறது. மகளுக்கு வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை போக ஆண்டுக்கு 45,000 கட்ட வேண்டும். அவளோ இங்கேயே உள்ள ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். "நம்ம வீட்டுப் பிள்ளை கம்யூனிட்டி காலேஜா? கடனை வாங்கிச் சேருங்க" என்கிறார் மைத்துனர். ஐயூஎல் பாலிசியும் (சேமிப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார்.

பதில்: மகள் சொல்வதுதான் சரி. பில் எவ்வளவு வந்தாலும், குறைகிற தொகைக்கு அப்படியே பேரண்ட் பிளஸில் கையெழுத்துப் போடுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் கடன் தருபவர்கள் உங்கள் கடன் வரலாற்றில் கோளாறு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். சம்பளம் தாங்குமா என்று பார்ப்பதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

45,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 1,80,000. 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்குப் பேரண்ட் பிளஸ் ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 வரைதான். மீதிக்குத் தனியார் கடன், அல்லது வீட்டின் மேல் கடன். எல்லாம் 9 சதவீதம், 10 ஆண்டு என்று வைத்தால் மாதம் 2,280 டாலர். மகன் கடனுக்கு 735. ஆக மாதம் 3,000க்கு மேல். பேரண்ட் பிளஸில் முதலிலேயே பிடிக்கும் 4.2 சதவீதக் கட்டணமும், மகள் படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியும் இதில் இல்லை.

ஓலோனியில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். மாறுவதற்கான 60 யூனிட்டுக்கு 2,760. புத்தகம், இதர கட்டணம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு 7,000 என்று வையுங்கள். முதன்முறை முழுநேரமாகச் சேருபவர்களுக்குப் பல கல்லூரிகளில் இந்த 46 டாலரும் தள்ளுபடி; கேட்டுப் பாருங்கள். பிறகு சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கோ ஹேவர்டில் உள்ள ஈஸ்ட் பே பல்கலைக்கழகத்துக்கோ வீட்டிலிருந்தே போனால் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி. மொத்தம் முப்பதாயிரத்துக்குள் பட்டம். பட்டத்தில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர்தான். நீங்கள் கட்டும் சொத்து வரியில் ஒரு பங்கு இந்தக் கல்லூரிகளுக்குத்தான் போகிறது. ஓலோனியின் நூவர்க் வளாகத்தில் நர்சிங் படிப்பவர்கள் படித்து முடித்துச் சுற்றுவட்டார மருத்துவமனைகளிலேயே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் சம்பளம் இந்த ஊர்க் கடைகளில்தான் செலவாகிறது. மைத்துனர் இளக்காரமாகச் சொல்லும் கல்லூரி இதுதான்.

ஆனால் இந்த வழியில் கவனம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். கால்குலஸ் முடிக்காமல் அடுத்த கணிதத்துக்குப் போக முடியாது. முதல் பருவத்தில் அந்த வகுப்பு நிரம்பிவிட்டால் பின்னால் எல்லாமே தள்ளிப்போகும். ஓரியன்டேஷனும் கல்வித் திட்டமும் முடித்தவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை உண்டு. அதைக் கோடைக்குள் முடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்த பிறகே பதிவு. தோழி எடுக்கிறாள் என்று எடுத்த பாடம் கணக்கில் வராமல் போகும். யூசியின் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆறு வளாகங்கள் டேக் என்ற உறுதிச் சேர்க்கை தருகின்றன. ஒரு வளாகத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம், அதுவும் முந்தைய ஆண்டு செப்டம்பரில். கணினி அறிவியலுக்குச் சில வளாகங்கள் டேக் தருவதில்லை. அதை மட்டும் நம்பாமல் சான் ஹோசே ஸ்டேட் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

வரித் தாக்கலில் அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி சலுகையை விடாதீர்கள். பாடக் கட்டணமும் புத்தகமும் சேர்ந்த முதல் 2,000 டாலர் முழுதாகத் திரும்பும், அடுத்த 2,000க்குக் கால் பங்கு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் உங்கள் வருமானம் இதற்குத் தடையில்லை.

ஐயூஎல் வேண்டாம். மகளுக்குப் பணம் தேவைப்படுவது இப்போது. அந்தப் பாலிசியிலோ முதல் சில வருடங்கள் கமிஷனும் கட்டணமும் தின்றுவிடும். நடுவில் எடுத்தால் சரண்டர் பிடித்தம் வேறு. ஃபாஃப்ஸாவில் (அரசுக் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) பாலிசிப் பணம் கணக்கில் வராது என்று சொல்லி விற்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காக மாதாமாதம் பிரீமியம் கட்டுவது உங்களுக்குக் கட்டுபடியாகாது.

அந்தப் பிரீமியத்துக்கு ஒதுக்க நினைத்ததையும் சேர்த்து மகன் கடனுக்கு மாதம் 1,500 கட்டுங்கள். 46 மாதத்தில் தீரும். மகள் பட்டம் வாங்கும் சமயத்தில் உங்கள் பெயரில் படிப்புக் கடன் இருக்காது.