காற்றில் பறந்த கூரைக்கு 3 ரூபாய் வட்டியா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் 2 ஏக்கர் மாந்தோப்பு, 3 கறவை மாடு வைத்திருக்கிறோம். போன வாரச் சூறைக்காற்றில் மாட்டுக் கொட்டகையின் தகரம் 12 பறந்துவிட்டது, மாங்காய் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. கம்பம் சாய்ந்து 5 நாள் கரண்ட் இல்லை. கொட்டகைக்கு 45,000, 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டருக்கு 60,000 ஆகும் என்கிறார்கள். வங்கியில் உள்ள 1 லட்சம் டெபாசிட்டை உடைக்க மனமில்லை. தெரிந்தவர் 3 ரூபாய் வட்டிக்குத் தருகிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. 3 ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம். 45,000-க்கு வட்டி மட்டுமே 16,200 ஆகிவிடும். டெபாசிட்டையும் உடைக்காதீர்கள். ரசீதை அதே வங்கியில் கொடுத்து அதன் பேரில் கடன் கேளுங்கள். டெபாசிட் வட்டியைவிட 1, 2 சதவீதம்தான் கூடுதலாகப் போடுவார்கள். 8.5 சதவீதம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 3,825. டெபாசிட்டுக்கு வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். பால் பணம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அடைத்துவிடலாம்.

ஜெனரேட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கிணற்று மோட்டார் 5 எச்பி, மும்முனை என்றால், கிளம்பும்போது ஓடுவதைப் போல 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். 3 கேவிஏ ஜெனரேட்டர் அதைத் தூக்காது. உங்களுக்கு அவசரம் தண்ணீர்தான். கோடையில் ஒரு கறவை மாட்டுக்கே நாளைக்கு 80 லிட்டர் வரை போகும். 1,000 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பி இருந்தால் 3 மாட்டுக்கு 4 நாள் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து டிராக்டரில் ஓடும் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள்.

மோட்டாருக்கு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் கட்டாயம் போடுங்கள்; மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி அது. லைன் சரியாகி கரண்ட் வந்த அன்றைக்குத்தான் பல மோட்டார்கள் கருகுகின்றன. ஒரு பேஸ் வராமல் மற்ற இரண்டில் மட்டும் ஓடுவதே காரணம். வீட்டில் பல்பு திடீரென்று பளீரென எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.

உதிர்ந்த மாங்காயை அள்ளும் முன் மரத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் மனு கொடுங்கள். 2022-26 பேரிடர் நிவாரண விதியில், சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 என்று இருந்தது. அந்தக் கணக்கில் உங்கள் 2 ஏக்கருக்கு ஏறக்குறைய 18,200 வரும். ஆனால் கைக்கு வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி கூரை. பறந்த தகரத்தில் போல்ட் ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் திரும்பப் போடலாம். நீளமாகக் கிழிந்திருந்தால் அந்த ஓரத்தை வெட்டி எறிய வேண்டும். 12-ம் புதிதாக வாங்கத் தேவையிருக்காது. காற்று முதலில் பிடுங்குவது ஓர வரிசையையும் மூலைகளையும்தான். அங்கே ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த போல்ட்) நெருக்கி, ரப்பர் வாஷரோடு போடச் சொல்லுங்கள். தூண் வெறும் மண்ணில் நட்டிருந்தால் அடுத்த காற்றில் கூரையோடு அதுவும் கிளம்பும். கேட்ட 45,000-க்குள் தூண் அடியில் கான்கிரீட் போடுவதும் சேர்ந்திருக்கிறதா என்று, முன்பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.