புஸ்ஸி-ரபுத்தேன் மாளிகை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு மறுமலர்ச்சிக் கால மாளிகைகள் பற்றிய கட்டுரையில் ஷாம்போர், ஷெனோன்சோ இரண்டையும் சட்டென்று கடந்துவிட்டு, பர்கண்டியில் இருக்கும் புஸ்ஸி-ரபுத்தேனை ‘ஒரு கலைஞனின் வீடு’ என்று எழுதியிருந்தீர்கள். இணையத்தில் படங்களைத் தேடிப் பார்த்தேன். நானும் கொஞ்சம் வரைபவன். உள்ளே இருக்கும் ஓவியங்கள் சுமார்தான். மாளிகைக்கு உரிமையாளராக இருந்த பிரபு தூரிகையைத் தொட்டவராகவும் தெரியவில்லை. காசு கொடுத்து வரையச் சொன்னவரை எப்படிக் கலைஞர் என்பது? அப்புறம், எங்கள் ஊர் புஸ்ஸி வீதிக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

வீதியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் ஊர் புஸ்ஸி, 18ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் பிரெஞ்சுப் படையை நடத்திய புஸ்ஸி-காஸ்தெல்னோ. மாளிகைக்காரர் அவருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தவர். 1618இல் பிறந்த ரோஜே த ரபுத்தேன், புஸ்ஸியின் கோமகன். வேறு ஆள், வேறு குடும்பம்.

ஓவியங்கள் சுமார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறைய நகல்கள் இருக்கின்றன. தனித்தனியாகக் கழற்றி ஏலத்துக்கு வைத்தால் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் அடிப்படையில் எழுத்தாளர். அவருடைய சுவர்களைப் படிக்க வேண்டும்.

கட்டடம் அவர் எழுப்பியதல்ல. நான்கு மூலையிலும் உருண்டைக் கோபுரம், சுற்றிலும் அகழி என்று பழைய கோட்டையாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் இருபுறமும் மறுமலர்ச்சிப் பாணியில் செதுக்கு வேலைப்பாட்டோடு தாழ்வாரங்கள் கட்டினார்கள். ரபுத்தேன் குடும்பத்தின் கைக்கு வந்தது அதற்கும் பிறகு. ரோஜே குதிரைப்படையில் உயர்ந்த பதவி வகித்தவர், வாய்த்துடுக்கு மிகுந்தவர். தன் காதலி மோங்லா சீமாட்டியை மகிழ்விக்க, அரசவைப் பெண்களின் காதல் விவகாரங்களைக் கதையாக எழுதினார். கையெழுத்துப் பிரதி இரவல் போன இடத்தில் நகலெடுக்கப்பட்டு, ஊரெல்லாம் பரவி, அச்சுக்கும் போய்விட்டது. 1665இல் பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதமியில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பதினான்காம் லூயி அவரை பாஸ்டில் சிறையில் போட்டார். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். பதவி போயிற்று. 1666இல் வெளியே விட்டபோது, சொந்த ஊரோடு இருந்துகொள் என்று உத்தரவு. அவர் துன்பத்தில் கிடந்த நேரத்தில் மோங்லாவும் கைவிட்டுவிட்டார்.

அரசவை இல்லை, படை இல்லை, காதலி இல்லை. அந்த மூன்றையும் அவர் வீட்டுக்குள் வரையச் செய்தார்.

ஒரு கூடத்தில் 65 போர்த்தளபதிகளின் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. நூறாண்டுப் போரில் புகழ்பெற்ற துகெக்லேன் போன்றவர்கள் இருக்கும் அந்த வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பதவி பறிபோன ஒரு குதிரைப்படைக்காரர் தினமும் அந்தக் கூடத்தைக் கடந்து நடந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். முகங்கள் நன்றாக வந்திருக்கின்றனவா என்ற கேள்வி எனக்குப் பிறகுதான் வருகிறது.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது இலச்சினைக் கூடத்தை. மரப்பலகை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு படம், கூடவே பெரும்பாலும் லத்தீனில் ஒரு வரி. ஒரு பலகையில் தராசு: ஒரு தட்டில் மோங்லா, மறுதட்டில் காற்று. ‘காற்றைவிட லேசானவள்’ என்கிறது வரி. இன்னொன்றில் மோங்லா ஒரு தகைவிலான் குருவி. குளிர்காலம் வந்தால் பறந்துவிடும் இனம். ‘குளிருக்கு ஓடிவிடும்’ என்பது வாசகம். வேறொன்றில் கடற்கன்னி, அழிப்பதற்காகவே அழைக்கிறவள். தன்னைப் பற்றியும் ஒன்று வைத்தார். வெறும் வெங்காயம், பக்கத்தில் ‘என்னைக் கடிப்பவன் அழுவான்’. இந்த வெங்காயத்தை வரைய பெரிய கை வேண்டாம். அந்த வரியை எடுத்துவிட்டால் அது சமையற்கட்டு. படத்தை எடுத்துவிட்டால் வெறும் வீம்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்தது யார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதை ஓவியர் செய்யவில்லை, ரோஜே செய்தார். அதனால்தான் கலைஞன் என்றேன்.

பெண்களின் உருவப்படங்களுக்குக் கீழேயும் அவருடைய வரிகள் உண்டு. தொலோன் கோமகளைப் பற்றி, தன் காலத்தின் மிக அழகான பெண், ஆனால் அழகைவிட அதை அவர் பயன்படுத்திய விதத்தால் பெயர் பெற்றவர் என்று எழுதிவைத்தார். மோங்லாவின் படத்தின் கீழ், பழங்கதையில் வரும், கணவனின் கல்லறையிலேயே சிப்பாயோடு கூடிவிட்ட எபேசு நகரத்து விதவைக்கு இவருடைய சபலத்தால் மானம் திரும்பியது என்று. கூர்மையான வரிகள்தான். எனக்கு இவை பிடிக்கவில்லை. மோங்லாவைக் காதலித்த காலத்தில் ரோஜேயும் மணமானவர். நிலையின்மையைப் பற்றிச் சுவர் முழுக்க எழுத அவருக்கு ஒரு நியாயமும் கிடையாது. பதில் சொல்ல அந்தப் பெண்களுக்கு அங்கே ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. வெங்காயத்தில் இருக்கும் திறமையும் இங்கிருக்கும் கொடுமையும் ஒரே ஆளுடையவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இவர் எழுத்தின் இன்னொரு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றுவிட்ட தங்கை செவீஞ்யே சீமாட்டியோடு பல்லாண்டுகள் கடிதம் எழுதினார். சிறைக்கு அனுப்பிய அந்தக் காதல் கதையில் அவரையும் கிண்டலடித்து எழுதி, சண்டை வந்து, பிறகு சமாதானமானவர்கள் இருவரும். கடிதத்தில் எதிர்ப்பக்கம் பதில் சொல்ல ஒருவர் இருந்ததால் ரோஜே அங்கே நல்ல மனிதராகவே தெரிகிறார்.

1682இல் அரசர் திரும்ப வர அனுமதித்தார். வரவேற்பு சில்லென்று இருந்தது, ஊருக்கே வந்துவிட்டார். 1693இல் ஓத்தேன் நகரில் காலமானார். சுவர்கள் இன்றுவரை படிக்கக் கிடைப்பதற்கு 1835இல் மாளிகையை வாங்கிச் சீர்செய்த சார்க்குஸ் பிரபுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1929இல் அரசாங்கம் வாங்கியது.

நீங்கள் வரைபவர் என்பதால் ஒரு வேண்டுகோள். மறுபடி தேடும்போது கீழே உள்ள எழுத்தும் தெரிகிற படங்களாகப் பாருங்கள். தராசிலிருந்து தொடங்கினால் நல்லது.

அன்புடன்.