நிலையாமையும் யோகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. காரியம் முடிந்த அன்று உறவினர் ஒருவர் திருமந்திரத்தைக் கொடுத்து, ‘படி, மனசு தெளியும்’ என்றார். பிரித்ததும் கண்ணில் பட்டது ‘ஊரெலாம் கூடி’ என்ற பாட்டு. அப்பாவைத்தான் பிணம் என்று சொல்வதுபோல இருந்தது. மூடிவைத்துவிட்டேன். பிறகு அதே நூலில் ‘உடம்புளே உத்தமன் கோயில்கொண்டான்’ என்று படித்தபோது குழப்பம்தான் கூடியது. எரியப்போகிற உடம்பை எதற்கு ஓம்ப வேண்டும்? உருகிப் பாடும் பக்திக்கு மூச்சுக் கணக்கு எதற்கு? அப்பா தினமும் தேவாரம் பாடுவார், யோகம் எதுவும் அறியாதவர். நான் இப்போது புத்தகத்தைப் பார்த்துப் பிராணாயாமம் பழகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

துக்க வீட்டில் அந்தப் பாட்டைக் கையில் கொடுத்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் நான்கு அடியையும் சேர்த்து ஒருமுறை படியுங்கள்.

‘ஊரெலாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே.’

திருமந்திரத்தைப் பாடிய திருமூலர் இங்கே யாரைக் குத்துகிறார்? இறந்தவரைப் பற்றி ஒரு சொல் தாழ்வாக இல்லை. அழுகையும் சடங்கும் முடிந்து, குளித்துக் கரையேறியதும் மறந்துபோன ஊரைச் சொல்கிறார். மூன்று மாதம் கழித்தும் அப்பாவின் பெயருக்காக வருந்துகிற நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டீர்கள்.

உடம்பு நிலைக்காது என்று சொல்லும் அதே ‘யாக்கை நிலையாமை’ப் பகுதியில் இன்னொரு பாட்டு உண்டு. ஒருவர் சோறு சமைக்கச் செய்து உண்கிறார், மனைவியோடு தனித்திருக்கிறார், இடப்பக்கம் கொஞ்சம் வலிக்கிறது என்கிறார், படுக்கிறார். ‘கிடக்கப் படுத்தார் கிடந்தொழிந் தாரே.’ அவ்வளவுதான். அவர் பாவம் செய்ததாகவோ பேராசைப்பட்டதாகவோ மூலர் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் நடக்கிற ஒரு நாள் அப்படியே முடிந்துவிடுகிறது. வெறுப்பு இருந்திருந்தால் இந்த நிதானம் வந்திருக்காது.

இவற்றைப் பாடியவர் யார் என்ற கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார்: வடக்கிலிருந்து அகத்தியரைக் காண வந்த சிவயோகி, திருவாவடுதுறைக்கு அருகே மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதைப் பார்க்கிறார். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்துக் கதறுகின்றன. அந்தப் பசுக்களின் துயரம் தாங்காமல்தான் அவர் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். மறுநாள் திரும்பிப் போனால் தன் உடலைக் காணோம். சிவன் மறைத்துவிட்டான். அரச மரத்தடியில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடினார் என்பது மரபு.

இதை வரலாறாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் நம் முன்னோர் இந்த நூலுக்கு இப்படி ஒரு பிறப்பைத்தான் சொல்லியிருக்கிறார்கள். யாக்கை நிலையாமையைப் பாடியவரே இறந்த ஒருவரின் உடலுக்குள் இருந்து பாடினார். அதற்குள் அவர் புகுந்தது சித்து காட்ட இல்லை, வாயில்லா ஜீவன்களின் அழுகையைப் பார்த்து. உடம்பு நிலைக்காது என்பதும் உடம்பு கோயில் என்பதும் அவருக்கு ஒரே அறிவு. அழியக்கூடியது என்பதாலேயே கவனமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்த ‘உத்தமன் கோயில்கொண்டான்’ பாட்டே ‘உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்’ என்றுதான் தொடங்குகிறது. அந்த ‘முன்னம்’ முக்கியம். வெறுத்த காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்கிறார்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திருமந்திரத்திலேயே ‘மகளிர் இழிவு’ என்று ஒரு பகுதி உண்டு. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்களில் பெண்ணுடலைப் பழிப்பவை நிறைய. அவற்றை நான் ஏற்பதில்லை. ஆனால் அதே பட்டினத்தார் தாயின் சிதை முன் நின்றபோது எந்தத் துறவும் பேசவில்லை. ‘முந்தித் தவங்கிடந்து முந்நூறு நாள்சுமந்தே’ என்று தொடங்கி, அப்படிச் சுமந்து பெற்றவளுக்கோ ‘எரியத் தழல்மூட்டு வேன்’ என்று கதறுகிறார். காதற்ற ஊசியும் கூட வராது என்று அறிந்தவர்தான் இப்படி அழுதார். எனவே நீங்கள் அழுவதற்குத் தெளிவின்மை காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, மூச்சுக்கு வருகிறேன். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், அதாவது மூன்றாம் பெரும்பிரிவில், மூலர் இப்படிச் சொல்கிறார்:

‘காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக்
கூற்றை உதைக்கும் குறியது வாமே.’

கூற்றை, அதாவது எமனை, உதைத்தது என்றதும் நமக்கு நினைவு வருவது திருக்கடவூர். அங்கே மார்க்கண்டேயன் மூச்சு எதையும் அடக்கவில்லை, பயந்துபோய் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். அந்தப் பக்தனுக்காகச் சிவன் எமன்மேல் தூக்கிய காலையே யோகிக்கும் தருகிறார் மூலர். இரண்டு வழியிலும் விழுவது எமன்மேல் அதே அடிதான். மூச்சைக் கட்டினால் சாகாமலே இருக்கலாம் என்று இந்த அடிகளுக்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. வந்து போகும் ஒவ்வொரு மூச்சையும் கவனிக்கப் பழகியவனுக்குக் கடைசி மூச்சு அந்நியமாக வராது. மரண பயம் அங்கே உதைபடுகிறது.

இன்று நம் கையில் உள்ள வரிசையையும் பாருங்கள். முதல் தந்திரத்தில் நிலையாமை, அதன்பின் அதே தந்திரத்தில் அன்புடைமை, மூன்றாம் தந்திரத்தில்தான் மூச்சுப் பயிற்சியும் அடங்கிய அட்டாங்க (எட்டு உறுப்பு) யோகம். எலும்பை விறகாக்கி இறைச்சியை அறுத்துப் பொன்போல் கனலில் வறுத்தாலும், ‘அன்போடு உருகி அகங்குழை வார்க்கன்றி’ அவன் கிடைப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தேவாரம் பாடிய உங்கள் அப்பா எதையும் தவறவிட்டவர் இல்லை.

கடைசிக் கேள்வி. புத்தகம் பார்த்துப் பிராணாயாமம் வேண்டாம், குறிப்பாக மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம். பக்கத்தில் இருந்து கவனித்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அப்பரின் ‘காயமே கோயிலாகக் கடிமனம் அடிமையாக’ என்ற பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். உடம்பு கோயில், மனம் லிங்கம், நேயமே நெய்யும் பாலும் என்று ஒரு முழுப் பூசையும் அதற்குள் இருக்கிறது. நாலாம் திருமுறைப் பாட்டு. அப்பாவுடைய தேவாரப் புத்தகத்தில் நிச்சயம் இருக்கும்.

அன்புடன்.