சுரைக்குடுவையும் பால் இனிப்பும்: அர்ஜென்டினாவில் வாங்குவோர் கேட்டவை

கேள்வி: வேலை நிமித்தமாகப் புவனோஸ் ஐரிஸில் ஓராண்டு தங்க வந்திருக்கிறேன். தெருச்சந்தையில் மாத்தே (உலர்ந்த இலையில் வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சும் பானம்) குடிப்பதற்கான சுரைக்குடுவையையும், ‘வெள்ளி’ என்று சொல்லி விற்ற உறிஞ்சுகுழலையும், ஒரு பொட்டலம் இலையையும் வாங்கினேன். பத்தே நாளில் குடுவைக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. பானமும் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசக்கிறது. கடைக்காரர் எதையும் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பூஞ்சைக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்குவது கடினம். அந்தக் குடுவை நம் ஊர்ப் பந்தலில் காய்க்கும் அதே சுரை இனத்தைச் சேர்ந்தது. காய்ந்த சுரையின் உட்புறத்தில் மென்மையான சதை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காமல் பயன்படுத்தினால் ஈரத்தில் அழுகத்தான் செய்யும். ஒருமுறை பயன்படுத்திய இலையை அதில் நிரப்பி, வெந்நீர் விட்டு, ஒரு முழு நாள் ஊறவைத்த பின், கரண்டியால் உட்சுவரை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு நன்றாக உலரவிட வேண்டும். மறுநாளும் இப்படியே ஒருமுறை செய்வது நல்லது. அதன் பிறகும், குடித்து முடித்த இலையை இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. இப்போது பிடித்திருக்கும் பூஞ்சை மேலோட்டமானதாக இருந்தால் சுரண்டி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துப் பாருங்கள். நாற்றம் போகவில்லையென்றால் தயங்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். இந்தப் பராமரிப்பெல்லாம் இயலாது என்று தோன்றினால், கண்ணாடியிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த குடுவையை வாங்குவதே உத்தமம். அவற்றைப் பதப்படுத்த வேண்டியதில்லை.

குழலின் விஷயம் வேறு. அங்கே ‘பொம்பிஷா’ எனப்படும் இந்தக் குழல் பெரும்பாலும் எஃகிலோ ‘அல்பாக்கா’விலோ செய்யப்படுகிறது. அல்பாக்கா என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவை கலந்த உலோகம். பார்வைக்கு வெள்ளிபோல் இருந்தாலும் அதில் வெள்ளி இல்லை. உண்மையான வெள்ளியில் 925, 900 போன்ற தூய்மை எண் பொறித்திருக்க வேண்டும். குழலைத் திருப்பி, அடிப்பக்கத்து வடிகட்டிக்கு மேலேயும் வாய் வைக்கும் இடத்துக்கு அருகிலும் வெளிச்சத்தில் பாருங்கள். எண் இல்லாமல், ரசீதில் மட்டும் ‘பிளாத்தா’ (வெள்ளி) என்று எழுதியிருந்தால், உங்கள் புகார் வலுவானது. நுகர்வோரைக் காக்கும் 24.240ஆம் சட்டம் 1993 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. அதன்படி புதிய பொருளில் தெரியவரும் குறைபாட்டுக்கு ஆறு மாத உத்தரவாதம் உண்டு. குடுவை கசிந்தால்கூட இதன்படி கேட்கலாம். இணையத்தின் வழியாக வாங்கியிருந்தால், காரணம் எதுவும் சொல்லாமலே பத்து நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமையும் உண்டு. ஆகவே அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கசப்புக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, கொதிக்கும் நீர். மாத்தேக்கு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். அடுப்பில் நீர் கொதிக்கத் தொடங்குமுன்பே இறக்கிவிட வேண்டும். ஊற்றியவுடன் உறிஞ்சாமல் சற்று ஆறவிடுங்கள்: 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. தீங்கு சூட்டில்தான், மிகச் சூடாக இல்லாத மாத்தேயை அது அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இரண்டாவது காரணம் பொட்டலத்தின் மீதே எழுதியிருக்கும். ‘கொன் பாலோ’ என்றால் குச்சி சேர்ந்தது. அதில் 35 விழுக்காடு வரை குச்சி இருக்கலாம், சுவை இதமாக இருக்கும். ‘தெஸ்பலாடா’ அல்லது ‘சின் பாலோ’ என்றால் குறைந்தது 90 விழுக்காடு இலை. கசப்பும் காரமும் மிகுதி. குச்சி கலப்படம் என்று எண்ணிப் பலர் இரண்டாவதை வாங்கிவிடுகிறார்கள். புதிதாகப் பழகுவோருக்கு முதலாவதே ஏற்றது. மிசியோனெஸ், கொரியெந்தெஸ் மாகாணங்களில் விளையும் இலையை உலர்த்தி, மாதக்கணக்கில் கிடங்கில் முதிரவைத்துத்தான் விற்கிறார்கள் என்பதால் அது சற்று மங்கிய பச்சையாகத் தெரிவது இயல்பு. பளிச்சென்ற பச்சையில், மாவுபோல் இருப்பது பிரேசில் பாணி. அர்ஜென்டினாக் குழலின் துளைகளை அது அடைத்துவிடும். குடுவையில் இலையைப் போட்டதும் வாயை உள்ளங்கையால் மூடிக் கவிழ்த்துக் குலுக்கிப் பாருங்கள். கையில் ஒட்டும் தூளைத் தட்டிவிட்டுக் குடித்தால் கசப்பு குறைவதை முதல் மடக்கிலேயே உணர்வீர்கள்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுபோக ‘துல்சே தெ லெச்சே’ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பாலையும் சர்க்கரையையும் மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிச் செய்யும் இந்த இனிப்பில் பல வகைகள் உண்டு. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதற்குச் சாதாரண வகையை வாங்குங்கள். ‘ரெபோஸ்தெரோ’ என்றிருப்பது கேக்குக்கும் அல்ஃபஹோருக்கும் (நடுவே இனிப்பு வைத்த இரட்டை பிஸ்கட்) உள்ளே வைக்கத் தயாரிப்பது. கெட்டியாக நிற்பதற்காக அதில் மாவுச்சத்து போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. புட்டியின் மீதுள்ள கறுப்பு எண்கோண முத்திரையைப் பார்த்துக் கெட்டுப்போன பொருளோ என்று அஞ்ச வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு முதலியவை அளவுக்கு மிஞ்சியிருப்பதை அறிவிக்க 2021ஆம் ஆண்டின் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் இதைத் திரவமாகக் கணக்கிடுவதால், 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கேள்வி: நான் சைவம். அங்கே காலை உணவுக்கு ரொட்டிக்கடையை நம்பலாமா?

பதில்: கேட்டு வாங்கினால் நம்பலாம். பிறை வடிவ ரொட்டியான ‘மெதியலூனா’ இரண்டு தட்டுகளில் அடுக்கியிருக்கும்: பருத்து, மேலே பாகு பளபளக்க இனிப்பாக இருப்பது ‘தெ மந்தேகா’, ஒல்லியாக, மொறுமொறுப்பாக இருப்பது ‘தெ கிராசா’. அர்ஜென்டினாவில் மந்தேகா என்றால் வெண்ணெய். கிராசா என்பது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. இந்த ஒரு சொல்லை அறியாமல் பல நாள் உண்டுவிட்டுப் பிறகு மனம் வருந்தியவர்கள் உண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பூரணம் வைத்து மடித்த மாவுப் பண்டமான எம்பனாடாவிலும் இதே சிக்கல் இருக்கிறது. சோளப் பூரணம் வைத்த ‘உமிதா’ வகையில் இறைச்சி இல்லாவிட்டாலும், மேல்மாவு கொழுப்பில் பிசைந்ததாக இருக்கலாம். ‘லா மாசா தியேனே கிராசா?’ (மாவில் கொழுப்பு இருக்கிறதா?) என்று நேரடியாகக் கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பீட்சாக் கடையில் கிடைக்கும் ‘ஃபைனா’ கொண்டைக்கடலை மாவும் எண்ணெயும் நீரும் சேர்த்துச் சுடும் அடை, உங்களுக்குப் பிடிக்கும்.